பின்சுவரில் முட்டிய சாடில்: ஒரு பேஸ் கிட்டாரின் இன்டோனேஷன் ஆய்வு

கருவி ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் மாதிரியில் செய்த நாலு கம்பி பேஸ். ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்) 34 அங்குலம், 20 ஃபிரெட் (வீணையின் மெட்டு போன்றவை), போல்ட் போட்டு மாட்டிய மேப்பிள் நெக், வளைத்த தகட்டில் கம்பிகளைத் தாங்கும் நாலு நகரும் துண்டுகள், அதாவது சாடில்கள், உட்கார்ந்திருக்கும் சாதாரண பிரிட்ஜ். வைத்திருப்பவர் சென்னையில் ஒரு லைட் மியூசிக் குழுவில் வாசிக்கிறார். ஞாயிறு காலையில் சர்ச்சிலும் வாசிப்பு உண்டு. புகாரை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: “அண்ணா, ஓப்பன்ல ட்யூனர் பச்சை காட்டுது. பத்தாவது ஃபிரெட்டுக்கு மேல போனா கீபோர்ட் வாசிக்கிறவர் திரும்பி என்னைப் பாக்கிறாரு.”

ஏற்கெனவே ஒரு கடையில் கொடுத்து “இன்டோனேஷன் பண்ணி”, அதாவது ஃபிரெட்களில் சுரம் சரியாக விழும்படி சாடிலை நகர்த்தி, வாங்கியிருக்கிறார். அதன் பிறகும் சரியாகவில்லை, கொஞ்சம் மோசமாகிவிட்டது போலவும் இருக்கிறது என்றார். அவர்கள் குழுவின் பட்டியலில் பாதிக்கு மேல் இளையராஜா பாட்டுகள். அந்த பேஸ் வரிகள் வேர்ச் சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டு கீழேயே நிற்பதில்லை. பாட்டுக்கு எதிர்மெட்டு போல மேலே ஏறி இறங்கும். முதல் நாலு ஃபிரெட்டுக்குள் வேலையை முடித்துக்கொள்ளும் ஆளாக இருந்தால் இதே பேஸை வருடக்கணக்கில் குறையே தெரியாமல் வாசித்திருப்பார்.

குறை மேலே மட்டும் ஏன் கேட்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஃபிரெட் எதையும் அழுத்தாத, அதாவது ஓப்பன் ஈ கம்பி (நாலில் தடித்தது) 41.2 ஹெர்ட்ஸ். அங்கே 10 சென்ட் பிசகினால் வித்தியாசம் கால் ஹெர்ட்ஸுக்கும் கீழே. கீபோர்டோடு சேர்ந்து ஒலித்தால் நாலு விநாடிக்கு ஒரு அலைவு, யாருக்கும் உறைக்காது. ஜி கம்பியின் 12வது ஃபிரெட் 196 ஹெர்ட்ஸ். அதே 10 சென்ட் அங்கே விநாடிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அலைவாகி, நீண்ட சுரம் பிடிக்கும்போது அலையலையாகக் கேட்கும். ஒரு செமிடோனை நூறாகப் பிரித்ததில் ஒரு பங்குதான் சென்ட். காதுக்கு அவ்வளவு நுணுக்கமாகக் கேட்காது என்று அலட்சியமாக இருக்கலாம், ஆனால் பக்கத்தில் கீபோர்ட் இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் அளவு

எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் இருந்த நிலையைக் குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு கம்பியையும் ஓப்பனில் சரியாகச் சேர்த்து, 12வது ஃபிரெட்டை அழுத்தி வாசித்தபோது ஈ கம்பி 16 சென்ட் கூடுதல், ஏ 7, டி 4. ஜி மட்டும் 3 சென்ட் குறைவு. ஈ கம்பியின் முதல் ஃபிரெட்டிலேயே 12 சென்ட் கூடுதல் காட்டியது. அந்த ஒரு எண் போதும், பிரிட்ஜை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதற்கு. முதல் ஃபிரெட் நட்டுக்கு, அதாவது தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பள்ளமிட்ட பட்டைக்கு, பக்கத்து வீடு. சாடில் அங்கிருந்து 32 அங்குலத்துக்கும் அப்பால் இருக்கிறது.

அளக்கும்போது பேஸ் மடியில், வாசிக்கும் நிலையில் இருக்க வேண்டும். மேசையில் படுக்க வைத்தால் நெக்கின் எடை வேறு விதமாக விழும், எண் மாறும். போன் ஆப்பின் மைக் 41 ஹெர்ட்ஸைச் சரியாக வாங்குவதில்லை. கேபிள் போட்டு ட்யூனருக்கு நேராகக் கொடுத்து, டோன் குமிழைக் குறைத்து, மெல்ல மீட்டி, மீட்டிய வேகம் அடங்கியபின் நிற்கும் எண்ணைப் படிக்க வேண்டும். அடித்து வாசித்தால் முதல் கணத்தில் எந்தக் கம்பியும் கூடுதலாகத்தான் காட்டும். ஸ்ட்ரோப் வகை ட்யூனர் கையில் இருந்தால் நல்லது, ஒரு சென்ட்டுக்கும் கீழே பிரித்துக் காட்டும்.

ஈ கம்பியின் சாடில் பிரிட்ஜின் பின்சுவரோடு ஒட்டி நின்றது. அதன் ஸ்பிரிங்கையே காணோம். ஸ்பிரிங் முழுக்க நசுங்கி அதற்கு மேல் பின்னே வராமல் போனதும் யாரோ அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கிறார்கள். ஓப்பன் ஈ வாசிக்கும்போது வந்த சின்ன சலசலப்புக்கும் அதுவே காரணம்: பிடிமானம் இல்லாத திருகு ஆடிக்கொண்டிருந்தது.

செய்தவர் விதியைச் சரியாகத்தான் பின்பற்றியிருக்கிறார். 12வது ஃபிரெட்டில் கூடுதலாகக் காட்டினால் சாடிலைப் பின்னே நகர்த்து, குறைவாகக் காட்டினால் முன்னே நகர்த்து. யூடியூபில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், அதில் தப்பும் இல்லை. எண் அசையவில்லை என்றால் ஏன் என்று நின்று யோசிக்காததுதான் பிரச்சினை.

ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை சென்ட்

ஃபிரெட்கள் மரத்தில் வெட்டிப் பதித்தவை. 34 அங்குல ஸ்கேலில் 12வது ஃபிரெட் நட்டிலிருந்து சரியாக 17 அங்குலத்தில், அதாவது பாதியில் இருக்கும். கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுகிறது. இழுவை கூடினால் சுரம் ஏறும். தவிர, தடித்த கம்பி அதன் முனைகளில் வளைய மறுப்பதால் அதிரும் நீளம் உண்மையான நீளத்தைவிடச் சற்றுக் குறைந்ததுபோல் நடந்துகொள்கிறது. இந்த இரண்டையும் ஈடுகட்டத்தான் சாடிலைப் பாதிக் கணக்கிலிருந்து சற்றுப் பின்னே தள்ளி வைக்கிறோம். வீணையில் மேளம் கட்டுபவர் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு மெழுகில் பதிக்கிறார். பேஸில் அந்தச் சுதந்திரம் கிடையாது, கம்பிக்கு ஒரே ஒரு நகரும் புள்ளிதான்.

அந்தப் புள்ளியை ஒரு மி.மீ. பின்னே நகர்த்தி, ஓப்பனை மறுபடி சேர்த்தால், 12வது ஃபிரெட்டில் எவ்வளவு இறங்கும்? 34 அங்குலம் என்பது ஏறக்குறைய 864 மி.மீ. நீளம் கூடுவது ஓப்பனுக்கும் உண்டு, 12வது ஃபிரெட்டுக்கும் உண்டு. ஆனால் பாதி நீளத்தில் அதன் விகிதம் இரட்டிப்பு. கழித்துப் பார்த்தால் மில்லிமீட்டருக்கு 2 சென்ட். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இந்த பிரிட்ஜின் திருகு ஒரு முழுச் சுற்றுக்கு அரை மி.மீ. நகர்கிறது, ஆக ஒரு சுற்றுக்கு ஒரு சென்ட்.

இப்போது 16 சென்ட் பிழையைப் பாருங்கள். அதைச் சாடிலால் மட்டும் சரிசெய்ய இன்னும் 8 மி.மீ. பின்னே போக வேண்டும். பின்னே சுவர்தான் இருக்கிறது. பிரிட்ஜே தப்பான இடத்தில் திருகப்பட்டிருக்குமோ என்ற சந்தேகம் வருவது நியாயம், சில மலிவு பேஸ்களில் அப்படியும் நடக்கும். அளந்தேன்: நட்டின் உள்விளிம்பிலிருந்து 12வது ஃபிரெட்டின் நடுவுக்கு 17 அங்குலம், அங்கிருந்து இன்னொரு 17 அங்குலத்தில் ஜி சாடில் உட்கார முடிகிறது, இரு பக்கமும் நகர இடமும் இருக்கிறது. பிரிட்ஜ் சரியான இடத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் சாடிலின் நகர்வு எங்கோ வீணாகியிருக்க வேண்டும்.

பழைய கம்பியைக் கழற்றியதும் விடை கையில் வந்தது. பேஸ் கம்பியின் கடைசியில், பந்துமுனைக்குப் பக்கத்தில், ஒரு துண்டு நீளத்துக்கு மேலே இன்னொரு சுற்று சுற்றியிருக்கும். அந்த இடம் மட்டும் தடியாகவும் விறைப்பாகவும் இருக்கும். அது சாடிலுக்குப் பின்னால் கிடக்க வேண்டிய பகுதி. இந்தக் கம்பியில் அந்த இரட்டைச் சுற்றின் அடியில் சாடிலின் பள்ளம் பதிந்த பளபளப்பான தழும்பு இருந்தது. தழும்புக்கு முன்னால், அதிரும் பக்கத்தில், அரை விரல் அகலத்துக்குத் தடித்த பகுதி நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

சாடிலைப் பின்னே இழுக்க இழுக்க, அது இரட்டைச் சுற்றின் அடியில் புகுந்துகொண்டே போயிருக்கிறது. அந்த விறைத்த பகுதி கம்பியோடு சேர்ந்து தாராளமாக அதிராது. சாடில் எவ்வளவு பின்னே போனாலும் கம்பியின் நிஜமான முனை அந்தச் சுற்று முடியும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. நீளம் கூடியது அளவுகோலுக்குத்தான், காதுக்குக் கூடவில்லை. இவ்வளவு இழுத்தும் சுரம் ஏன் இறங்கவில்லை, ஈ கம்பி மட்டும் ஏன் மரக்கட்டையைத் தட்டியதுபோல ஒலித்தது, இரண்டுக்கும் காரணம் இதுவே.

கம்பியும் பழசு. பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் இறுகியிருந்தது, விரல் அதிகம் படும் ஃபிரெட்களுக்கு மேல் சுற்றுகள் தட்டையாகித் தேய்ந்திருந்தன. எடை நீளவாக்கில் ஒரே சீராக இல்லாத கம்பியில் எந்தச் சாடில் நிலையும் எல்லா ஃபிரெட்டுக்கும் பொருந்தாது. பழைய கம்பியை வைத்துக்கொண்டு இன்டோனேஷன் பார்க்கச் சொல்பவர்களிடம் நான் முதலில் கம்பிக்குக் காசு கேட்பது இதனால்தான்.

இதைச் சொன்னபோது கூட வந்த நண்பர் ஒரு கேள்வி போட்டார்: “ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பியே மாத்தினதில்லையாமே?” உண்மைதான், அறுந்தால் ஒழிய மாற்றாதவர் என்று பெயரெடுத்தவர் அவர். அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனப் பதிவுகளில் கேட்கும் அவருடைய அந்த பேஸ் ஒலி தடித்த ஃபிளாட்வவுண்ட் (தட்டைப் பட்டை சுற்றிய) கம்பிகளும் உயர்ந்த ஆக்ஷனும் (ஃபிரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) கொண்ட 1962ஆம் ஆண்டு பிரிசிஷனிலிருந்து வந்தது. ஆனால் அவர் ஓப்பன் கம்பிகளை ஏராளமாகப் பயன்படுத்தினார், வாசிப்பு பெரும்பாலும் நெக்கின் கீழ்ப்பகுதியில். ஃபிளாட்வவுண்டில் அழுக்கு புகப் பள்ளமும் இல்லை. நம் தம்பி ரவுண்டுவவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது) போட்டுக்கொண்டு 14வது ஃபிரெட்டில் நிற்கிறார்.

சாடில் நாலான கதை

சாடில் கம்பிக்கு ஒன்று என்பதே பேஸில் பிறப்பிலேயே வந்ததில்லை. லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த முதல் பிரிசிஷன் பேஸில் இரண்டே சாடில்தான். ஈயும் ஏயும் ஒன்றின் மேல், டியும் ஜியும் மற்றதன் மேல். ஃபிரெட் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்றுதான் அந்தப் பெயரே. ஆனால் ஜோடிக் கம்பிகளில் ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றது விலகும், நடுவில் ஒரு சமரசப் புள்ளியைப் பிடித்து வாழ வேண்டும். இரண்டாகப் பிளந்த பிக்கப்போடு (கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தப் பகுதி) வந்த 1957 மறுவடிவமைப்பில்தான் நாலு சாடில் வந்தது. இன்றும் பழைய பாணியில் இரண்டு சாடிலோடு விற்கும் பேஸ்கள் உண்டு. வாங்குபவர்கள் தெரிந்தேதான் வாங்குகிறார்கள் என்று நம்ப ஆசை.

ஹாஃப்னர் 500/1, பால் மெக்கார்ட்னி கையில் உலகம் பார்த்த வயலின் வடிவ பேஸ், அது இன்னொரு உலகம். அதில் பிரிட்ஜ் உடலில் திருகப்படுவதே இல்லை, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. நாலு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிரிட்ஜ் தனியாகக் கையோடு வந்துவிடும். இடத்தைக் குறித்து வைக்காதவர் பிறகு பாதி நாளைத் தொலைப்பார்.

கையில் இருந்த பேஸுக்கு வருகிறேன்.

பிரிட்ஜுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

புதிதாக 45-65-85-105 செட் போட்டேன். இவை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு; அவர் முன்பு போட்டிருந்ததும் இதே தடிமன். மாட்டியதும் ஒவ்வொரு கம்பியையும் கையால் மெல்ல இழுத்துவிட்டு, மறுபடி சேர்த்து, அது நிலைக்கும்வரை விட்டேன். சாடில்களை ஆரம்ப இடத்துக்குக் கொண்டுவந்தேன்: ஜி சாடில் 34 அங்குலத்தில், டி சாடில் அதிலிருந்து தன் கம்பியின் தடிமன் அளவு பின்னே, ஏ சாடில் டியிலிருந்து தன் தடிமன் அளவு பின்னே, ஈ சாடில் ஏயிலிருந்து அதேபோல. ஃபெண்டர் நிறுவனத்தின் செட்டப் வழிகாட்டியில் இருக்கும் எளிய முறை இது. இறுதி இடம் அங்கேயே அமையும் என்று சொல்ல முடியாது, ஆனால் எப்போதும் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுவிடும்.

அந்த நிலையில் ஈ கம்பியின் 12வது ஃபிரெட் 15 சென்ட் கூடுதல். பழைய சாடில் நிலைக்கும் இதற்கும் இடையே 9 மி.மீ. தூரம். கணக்குப்படி அந்த 9 மி.மீ.க்கு 18 சென்ட் கிடைத்திருக்க வேண்டும். பழைய கம்பியில் காட்டிய 16ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிடைத்தது ஒன்றுமில்லை.

அடுத்து நெக். முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கடைசி ஃபிரெட்டில் அழுத்தி, 8வது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஃபீலர் கேஜ் நுழைத்தால் 0.8 மி.மீ. தட்டில்லாமல் போனது. பைக் மெக்கானிக் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருக்கும் அதே ஃபீலர் கேஜ்தான், தனியாக வாங்கத் தேவையில்லை. ஃபிரெட்போர்டின் வளைவு 9.5 அங்குல ரேடியஸ் கொண்ட பேஸுக்கு ஃபெண்டர் சொல்வது 0.012 அங்குலம், அதாவது 0.3 மி.மீ. நெக்குக்குள் ஓடும் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்குவது, ட்யூன் செய்வது, மரம் அடங்க நேரம் கொடுப்பது, மறுபடி அளப்பது. அவசரப்பட்டால் மறுநாள் காலையில் அளவு வேறாக இருக்கும். 0.3க்கு வந்தபோது ஈயின் 12வது ஃபிரெட் 9 சென்ட்டுக்கு இறங்கியிருந்தது. சாடில் நீளவாக்கில் துளிகூட நகரவில்லை.

இது மாயம் அல்ல. கம்பி ஃபிரெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப இழுபடுகிறது. உயரம் பாதியானால் அழுத்துவதால் ஏறும் சென்ட் ஏறக்குறைய கால்வாசியாகும். ஆக்ஷன் 3 மி.மீ.க்கு மேல் நிற்கும் பேஸில் அரை மி.மீ. இறக்கினாலே சாடிலைப் பின்னே இழுத்ததுபோன்ற பலன் கிடைக்கும். இன்டோனேஷன் திருகைக் கடைசியாகத்தான் தொட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இந்த வர்க்கக் கணக்கை வைத்துத்தான். நெக், நட், ஆக்ஷன் எல்லாவற்றின் பிழையும் கடைசியில் சாடிலில் வந்து சேர்கிறது. அவற்றை அப்படியே விட்டுவிட்டுச் சாடிலை நகர்த்தினால், 12வது ஃபிரெட் ஒன்றுக்கு மட்டும் சரியாகி, மற்ற பத்தொன்பதும் தன்போக்கில் கிடக்கும்.

நட்டில் ஈ கம்பியின் பள்ளம் ஆழம் போதவில்லை. முதல் ஃபிரெட்டுக்கு மேல் ஒரு மி.மீ. உயரம், அரை மி.மீ.யை ஒட்டி இருந்தால் போதும். முதல் ஃபிரெட்டில் 12 சென்ட் ஏறியதற்குக் காரணம் அதுதான். நட் ஃபைலால் சில இழுப்பு, கம்பியை வைத்துப் பார்ப்பது, மறுபடி சில இழுப்பு. பள்ளத்தின் அடி ஹெட்ஸ்டாக் பக்கம் சற்றுச் சரிய வேண்டும், கம்பி பிரியும் இடம் நட்டின் முன்விளிம்பாகவே இருக்க. அதிகம் அறுத்துவிட்டால் ஓப்பனில் கம்பி முதல் ஃபிரெட்டில் இடிக்கும், புது நட்தான் போட வேண்டும். ஆகவே 4 சென்ட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். ஈயின் முதல் ஃபிரெட்டில் சுழியத்துக்காக உயிரை விடுவதில் அர்த்தமில்லை.

துருப்பிடித்த சின்னத் திருகுகள்

ஆக்ஷனை இறக்கச் சாடிலில் இருக்கும் இரண்டு உயரத் திருகுகளைத் திருப்ப வேண்டும். சென்னையில் பேஸ் செட்டப்பில் நேரம் தின்னும் இடம் இதுதான். உள்ளங்கையின் விளிம்பு பிரிட்ஜின் மேல் தங்குகிறது. வியர்வை நேராகத் திருகுத் துளைக்குள் இறங்குகிறது. கடற்காற்று மீதியைப் பார்த்துக்கொள்கிறது. எட்டுத் திருகில் மூன்று இறுகிக் கிடந்தன. அதில் ஒன்றின் அறுகோணத் துளை விளிம்பு மழுங்கியிருந்தது.

மழுங்கியதற்குக் காரணம் எளிது. இந்த வகை பிரிட்ஜ்களில் சில மெட்ரிக் 1.5 மி.மீ. சாவிக்கு, சில 0.050 அங்குலச் சாவிக்கு. 0.050 அங்குலம் என்பது 1.27 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சின்னச் சாவியைப் பெரிய துளையில் விட்டு முறுக்கினால் முனைகள் வழிந்துவிடும். இதன் துளை 1.5 மி.மீ., சாவி மட்டும் யாரோ சின்னதைப் போட்டிருக்கிறார்கள்.

பிக்கப் மேல் துணி போட்டு மூடி, துரு நீக்கும் எண்ணெயை ஒரு பல்குச்சி நுனியில் தொட்டு, ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு துளி விட்டேன். ஸ்பிரே செய்தால் மரத்திலும் பிக்கப்பிலும் இறங்கிவிடும். ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் சாவியை நேராக, ஆழமாக நுழைத்து, தளர்த்தும் திசையில் போவதற்கு முன் ஒரு நூலளவு இறுக்கும் திசையில் அசைத்தேன். துரு உடையும்போது ஒரு சின்ன “டிக்” கைக்குத் தெரியும், காதுக்குக்கூடக் கேட்காது. அதற்குப் பிறகு இரண்டு திருகுகள் தாமாக வந்தன. மழுங்கியதைச் சாடிலின் அடிப்பக்கம் வழியாக வெளியே எடுத்துப் புதுசு போட்டாயிற்று. விலை டீக்காசுகூட வராது.

17வது ஃபிரெட்டில் ஈ கம்பி 3.6 மி.மீ. உயரத்தில் இருந்தது, 2.4க்கு இறக்கினேன். ஜி பக்கம் 2 மி.மீ. இது ஃபெண்டர் சொல்லும் 6/64 அங்குலமும் 5/64 அங்குலமும்தான். நடுவில் ஏயும் டியும் ஃபிரெட்போர்டின் வளைவைப் பின்பற்றி அமைய வேண்டும். ஒரு சாடிலின் இரண்டு கால்களும் ஒரே உயரத்தில் நிற்பதும் முக்கியம், சரிந்து நின்றால் கம்பி பள்ளத்திலிருந்து ஒரு பக்கமாக நழுவப் பார்க்கும்.

பிக்கப்பும் கதைக்குள் வருகிறது. சத்தம் போதவில்லை என்று யாரோ ஈ பக்கத்தை ஏற்றிவிட்டிருந்தார்கள்; கடைசி ஃபிரெட்டில் அழுத்தினால் காந்தத்துக்கும் கம்பிக்கும் ஒன்றரை மி.மீ.தான் இடைவெளி. காந்தம் அவ்வளவு பக்கத்தில் இருந்தால் எஃகுக் கம்பியின் அதிர்வைப் பிடித்து இழுக்கும், ட்யூனர் முள் நிலைகொள்ளாமல் ஊசலாடும். ஈ பக்கம் 3.2, ஜி பக்கம் 2.4 மி.மீ. என்று இறக்கியதும் எண் ஒரே இடத்தில் நின்றது. இழந்த சத்தத்தை ஆம்ப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

சாடிலின் முறை

இதற்குள் ஈயின் 12வது ஃபிரெட் 4 சென்ட்டுக்கு வந்துவிட்டது. ஏ 2, டி 1, ஜி சுழியம்.

திருகைத் தொடும் முன் இன்னொரு சின்ன வேலை. புதுக் கம்பி விறைப்பு. சாடிலின் உச்சியிலிருந்து நேராக இறங்காமல் ஒரு மெல்லிய வளைவு போட்டுத்தான் இறங்கும். அந்த வளைவு இருக்கும்வரை கம்பி எங்கிருந்து அதிரத் தொடங்குகிறது என்பதே தெளிவில்லை. சாடிலுக்கு முன்னால் கட்டைவிரலால் ஒரு மென்மையான அழுத்தம், நட்டுக்கு முன்னாலும் அதேபோல. சும்மா அழுத்தினால் போதும். பலம் காட்டினால் கம்பியில் நிரந்தர மடிப்பு விழுந்துவிடும். ஈ கம்பியில் இந்த ஒரு அழுத்தத்துக்கே எண் மாறியது கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகு அரை நீள ஸ்பிரிங் ஒன்றை ஈ சாடிலுக்குப் போட்டு, நாலு சுற்றில் 2 மி.மீ. பின்னே கொண்டுபோனேன். கம்பியைத் தளர்த்திவிட்டுத்தான் திருப்ப வேண்டும். முழு இழுவையில் திருப்பினால் திருகின் தலை வழியும், சாடில் கம்பியின் சுற்றைச் சுரண்டும். மறுபடி ஓப்பனைச் சேர்த்து அழுத்திப் பார்த்தால் சுழியம். கணக்கு சொன்ன 2 மி.மீ.யும் கை கொடுத்த 2 மி.மீ.யும் ஒன்றாகவே வந்தன. பின்சுவர் வரை இன்னும் 7 மி.மீ. காலியாக இருக்கிறது, புதுக் கம்பியின் இரட்டைச் சுற்று சாடிலுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. ஏயும் டியும் ஓரிரு சுற்றில் முடிந்தன.

எதை எதோடு ஒப்பிடுவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வழக்கமாக 12வது ஃபிரெட்டின் மேல் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கையும் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ஒப்பிடச் சொல்வார்கள். மெல்லிய கம்பிகளுக்கு அது போதும். தடித்த கம்பியின் விறைப்பால் அதன் மேல்சுரங்கள் சரியான இரு மடங்கு, மும்மடங்கில் நிற்காமல் சற்று மேலேறியே இருக்கும். 12வது ஃபிரெட்டின் ஹார்மோனிக் என்பது அந்த இரு மடங்கு மேல்சுரம்தான். ஈ கம்பியில் அதைத் துலாக்கோலாக வைத்தால் ஒரு சிறு சாய்வு வந்துவிடும். நான் ஓப்பன் சுரத்தையே அடிப்படையாக வைத்து 12வது ஃபிரெட்டைப் பார்க்கிறேன், பிறகு 5, 7, 17 ஆகிய ஃபிரெட்களில் ஓட்டிப் பார்த்து, ஆள் அதிகம் புழங்கும் பகுதிக்குச் சாதகமாக ஒரு சென்ட் விட்டுக்கொடுக்கிறேன். இவருக்கு அது 7இலிருந்து 14 வரை.

இன்னொன்று, கடைசி அளவு வாசிப்பவரின் கையால் எடுக்கப்பட வேண்டும். என் விரல் மெதுவாக அழுத்தும். அவர் மேடையில் வாசிக்கும் பழக்கத்தில் கம்பியைக் கட்டையோடு நசுக்குகிறார். ஃபிரெட் உயரமாக இருப்பதால் அதுவே 3 சென்ட்டை ஏற்றியது. “தம்பி, கல்யாண வீட்டில் வாசிக்கிற மாதிரியே வாசி, எனக்காக மெதுவா வாசிக்காதே” என்று சொல்லி அளந்து, ஈ சாடிலையும் ஏ சாடிலையும் இன்னொரு சுற்று பின்னே விட்டேன். மூன்றையும் சாடிலில் ஈடுகட்டியிருக்கலாம். கை பழக்கம் மாறக்கூடியது என்பதால் மூன்றில் ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுத்தேன், மீதியை அவர் விரல் பார்த்துக்கொள்ளட்டும்.

கொடுத்து அனுப்பியபின்

அடுத்த கச்சேரிக்குப் பிறகு போன் வந்தது. கீபோர்ட்காரர் திரும்பவில்லை. மழை தொடங்கியதும் ஆக்ஷன் சற்று மாறியதாக வந்தார். குளிரூட்டிய மண்டபம், சூடான வேன், ஈரக்காற்று என்று சுற்றும் மேப்பிள் நெக் அப்படித்தான் இருக்கும். ட்ரஸ் ராடில் ஒரு சிறு திருப்பம், சாடிலைத் தொடவில்லை, எண்கள் தாமாகவே பழைய இடத்துக்கு வந்தன. கம்பி தடிமனை மாற்றினால், 45-105க்குப் பதில் 40-100 போட்டால், இழுவை குறைந்து நெக் நகரும், நட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்போது புதிதாக ஒரு புகாரும் சொன்னார்: ஜி கம்பியில் 5, 6வது ஃபிரெட் பக்கம் சுரம் சீக்கிரம் செத்துப்போகிறது. ட்யூனர் சரியாகக் காட்டுகிறது, ஒலி மட்டும் நிற்பதில்லை. போல்ட் போட்ட நெக் கொண்ட பேஸ்களில் அந்த இடத்தில் இது அடிக்கடி பார்ப்பதுதான். நெக் தன் சொந்த அதிர்வெண்ணில் கம்பியின் சக்தியை உறிஞ்சிக்கொள்கிறது. சாடிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் இது தீராது. ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன கிளாம்பை மாட்டி எடை கூட்டிப் பார்த்தோம். செத்த இடம் ஒரு ஃபிரெட் கீழே நகர்ந்தது. அவர் பட்டியலில் அந்தச் சுரம் அவ்வளவாக வராதாம், கிளாம்பை அப்படியே விட்டுவிடச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.